ஊர்ப்பெயரும் வாகையும்: சென்னை சிட்டி கழகத்தின் 2018-19 பருவம்

ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே தாங்குதல் தமிழ்ப் புலவர்தம் தொன்மரபு. சங்கத்தொகை நூல்களில் இடம்பெறும் தங்கால் முடக்கொற்றனார், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் ஆகியோர் இன்றைய திருத்தங்கலைச் சார்ந்தவர் எனக் கருதப்பெறுகின்றனர். அவர்தம் வாழ்வு குறித்து அறியக் கிடப்பன மிகச் சில. எனினும் ஊர்ப்பெயர் நிலைத்துள்ளது. இம்மரபு விளையாட்டுக் கழகங்களுக்கும் உரியது. ஓர் அணி ஊரின் பெயரைத் தாங்குகிறது; அவ்வூர் அவ்வணியைத் தாங்குகிறதா? இவ்வினாவை எழுப்பும் வரலாறு ஒன்று தமிழகத்தில் அண்மையில் நிகழ்ந்தது.

பருவத்தின் பின்னணி

இந்தியாவில் கழகங்களுக்கான தேசியக் கால்பந்துத் தொடர் 1996-97இல் தொடங்கியது. 2007-08 முதல் அது ஐ-லீக் எனப் பெயர் பெற்றது. தொடக்கக் காலத்தில் சென்னையின் இந்தியன் வங்கி அணி இத்தொடரில் ஆடியதுண்டு. ஆயினும் கொல்கத்தா, கோவா அணிகள் பன்முறை சூடிய வாகையைத் தமிழகக் கழகம் எதுவும் சூடியதில்லை. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தோன்றியது. அதன்பின் பெருஞ்செல்வமும் தொலைக்காட்சியின் பார்வையும் அப்பக்கம் சாய்ந்தன. சென்னையின் மற்றொரு கழகமான சென்னையின் எஃப்.சி. அத்தொடரை 2015லும் 2017-18லும் வென்றது.

இந்நிலையில்தான் சென்னை சிட்டி கழகம் 2016-17இல் ஐ-லீகில் நுழைந்தது. முதலிரு பருவங்களிலும் அது பட்டியலின் அடிப்பகுதியிலேயே நின்றது. பெயரில் சென்னை இருந்தும், 2017-18 முதல் அதன் சொந்தக் களம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கமாக அமைந்தது. பெயர் ஓர் ஊர், களம் மற்றோர் ஊர் என்னும் இப்பிரிவு பின்வரும் வரலாற்றில் கருதத்தக்கது.

வாகைப் பருவம்

2018-19இல் பதினோர் அணிகள் ஆடின. ஒவ்வோர் அணிக்கும் இருபது ஆட்டங்கள். சென்னை சிட்டியின் பயிற்றுநர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். ஸ்பெயின் நாட்டின் கீழ்நிலைத் தொடர்களில் ஆடிப் பெரும்புகழ் எய்தாத பெட்ரோ மான்சி முதலான வீரர்களும், எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழக வீரர்களும் ஓரணியாயினர். முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸ் அணிக்கெதிராக மான்சி மூன்று கோல்கள் அடித்தார். பருவ முடிவில் அவர் எடுத்தவை 21. பட்டத்திற்குப் போட்டியிட்ட ஈஸ்ட் பெங்கால் அணியை இரு சந்திப்புகளிலும் சென்னை சிட்டி வென்றமை பின்னர்ப் பெரும்பொருள் உடையதாயிற்று.

பட்டத்தின் முடிவு இறுதி நாளாகிய 2019 மார்ச் 9 வரை நீண்டது. அன்று சென்னை சிட்டி 40 புள்ளிகளுடனும், ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளுடனும் களமிறங்கின. கோயம்புத்தூரில் முந்தைய ஆண்டின் வாகையரான மினர்வா பஞ்சாப் அணி தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்தது. அதே வேளையில் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரள அணியுடன் ஆடிக்கொண்டிருந்தது. இங்குத் தோல்வியும் அங்கு வெற்றியும் நேரின் பட்டம் கொல்கத்தா செல்லும். இடைவேளைக்குப் பின் மான்சி பெனால்டி உதையால் ஆட்டத்தைச் சமனாக்கினார். அசாமைச் சேர்ந்த கௌரவ் போரா அதன்பின் இரு கோல்கள் அடித்தார். சென்னை சிட்டி 3-1 என வென்றது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என வென்றது. 43க்கு 42 என ஒரே புள்ளியில் வாகை கிட்டியது. தமிழகத்திற்கு வந்த முதல் ஐ-லீக் பட்டம் இதுவே.

வாகைக்குப் பின்

அப்பருவத்தின்போதே சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்கை ஏற்றது. வாகையின் பயனாக ஆசியப் போட்டியில் ஆடும் உரிமையும் கிட்டியது. 2020 சனவரியில் பஹ்ரைனின் ரிஃபா கழகத்திற்கெதிராகச் சென்னை சிட்டி ஆடித் தோற்ற அந்தச் 'சொந்தக் கள' ஆட்டம் நிகழ்ந்த இடமோ அகமதாபாத். தமிழக வாகையர் தமிழ் மண்ணில் ஆசியாவை எதிர்கொள்ள இயலவில்லை. வீரர்களும் ஒருவர்பின் ஒருவராகப் பிற கழகங்களுக்குச் சென்றனர். 2020-21க்குப் பின் அக்கழகம் ஐ-லீகில் ஆடவில்லை. வாகை சூடிய இரண்டே ஆண்டுகளில் தேசியக் களத்திலிருந்து அப்பெயர் மறைந்தது.

இதற்கு மாறானதொரு நிலையை அயர்லாந்தில் காணலாம். கையாலும் காலாலும் பந்தைக் கொண்டுசெல்லும் கேலிக் கால்பந்து அந்நாட்டு மக்களின் சொந்த ஆட்டம். அதனைப் பேணும் சங்கம் 1884 நவம்பர் 1இல் தர்லஸ் என்னும் ஊரில் தோன்றியது. அங்குக் கழகம் என்பது பெரும்பாலும் ஒரு பங்கின் எல்லைக்குட்பட்ட ஊர்மக்களின் அமைப்பு. வீரர் ஊதியம் பெறுவதில்லை. பிறந்து வளர்ந்த ஊருக்கே ஆடுகிறார். மாவட்ட வாகையர் மாகாண நிலைக்கும், 1970-71 முதல் அனைத்து அயர்லாந்து நிலைக்கும் முன்னேறுவர். புலம்பெயர்வால் இளைஞர் குறைந்து, இரு கழகங்கள் ஓரணியாக இணையும் துயரும் அங்குண்டு. ஆயினும் ஓராண்டுத் தோல்வியால் கழகம் அழிவதில்லை. அதன் உரிமையாளர் ஊராரே.

முடிவுரை

ஊதியம் பெற்று ஆடுதல் குற்றமன்று. அயல்நாட்டுத் துணையும் குற்றமன்று. சென்னை சிட்டி வீரர்களின் உழைப்பு பழுதற்றது. அவ்வாகையைத் தாங்கி நிற்கத் தனக்கென ஒரு களமும், தோற்ற ஆண்டிலும் கைவிடாத ஓர் ஊரும் வாய்க்காமையே குறை. பொங்கல்தோறும் கரிசல் மண்ணில் கபடிக் களம் அமைத்து, வீட்டுக்கு வீடு நன்கொடை திரட்டும் சிற்றூர் இளைஞர் மன்றங்கள் இவ்வுண்மையை அறியும். அவற்றின் வெற்றிகள் ஏட்டில் ஏறுவதில்லை. ஆயினும் மறு ஆண்டும் களம் அமைகிறது. ஊர்ப்பெயரைத் தாங்குவோர் யாவராயினும், அவரைத் தாங்கும் கடன் ஊருக்கும் உண்டு.