நீதிபதியின் அருகே ஓர் எழுதுகோல்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் தொட்டியத்திலிருந்து மாணவர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். தந்தை வாழைத் தோட்டத்துக் கூலியாள். மகன் திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு பயில்கின்றார். நீதிபதி ஒருவரிடம் சட்ட எழுத்தராக, 'லா கிளார்க்' என்கிறார்களே அந்தப் பணிக்கு, விண்ணப்பம் எழுதிக் கொணர்ந்திருந்தார். "ஐயா, இதைத் திருத்தித் தரவேண்டும். எங்கள் குடும்பத்தில் வக்கீல் என்று ஒருவரும் இல்லை. என்னை அழைப்பார்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை நூற்றெழுபது ஆண்டுகளுக்கு அப்பால் இட்டுச் சென்றது. நேயர்களே, அன்று இதே திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் இளைஞர் ஒருவர் பழைய கட்டுக்களைக் காத்து நின்றார். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை அவர். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கிலமும் தமிழும் கற்றவர். முதலில் ஆவணக் காப்பாளர், அதன்பின் மொழிபெயர்ப்பாளர் என்று படிப்படியாக உயர்ந்தார்.

மொழிபெயர்ப்பாளர் என்றால் எளிய வேலை என்று எண்ணிவிடாதீர்கள். நீதிபதி ஆங்கிலேயர்; சாட்சி சொல்பவனோ காவிரிக்கரை உழவன். வாய்க்கால் வரப்பைப் பற்றி அவன் சொல்லும் சொல் ஒன்று பிசகினால் நிலம் கைமாறிவிடும். உழவனுக்கும் நீதிபதிக்கும் இடையே நின்ற பாலம் அந்த எழுத்தர்தாம். அவர் நேர்மையானவராயின் நீதி கிடைக்கும், கைநீட்டுபவராயின் கிடைக்காது. வேதநாயகர் பின்னர்க் கைக்கூலியை அத்துணைக் கடுமையாகச் சாடியதற்கு, அந்த இடத்திலிருந்து அவர் கண்ட காட்சிகளே காரணம் என்று நான் கருதுகின்றேன்.

முப்பது வயதளவில் அவர் மாவட்ட முன்சீபானார். 1862-இல் சதர் நீதிமன்றம் மறைந்து சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியது. அதே ஆண்டில் அவர் ஓர் அரிய பணியை முடித்தார். 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புக்களின் சாரத்தைத் தமிழில் திரட்டி, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் வெளியிட்டார். தங்கள் வழக்கு எதனால் தோற்றது என்று அறியாமலே வீடு திரும்பிய மக்களுக்கு அது எத்தகைய உதவி! 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலும், தமிழர் வழக்கைத் தமிழரே ஆங்கிலத்தில் வாதிக்கும் வேடிக்கையை அவர் எள்ளி நகையாடுகின்றார். அதனை முதல் தமிழ் நாவல் என்று மட்டுமே நம் மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றார்கள்; அது ஒரு முன்சீபின் நூல் என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

மற்றொருவர் திருவாரூர் முத்துசாமி ஐயர். 1832-இல் பிறந்தவர். வறுமையால், மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளராய் அமர்ந்தார். ஆற்று உடைப்பைப் பற்றித் தாசில்தார் வினவியபோது சிறுவர் திருத்தமாக விடை கூறினார் என்றும், அது கண்டு அவர் பள்ளிக்கு அனுப்பினார் என்றும் சொல்வர். பின்னர் முன்சீபாகிச் சென்னையில் பணியாற்றியபோதே பி.எல். பட்டமும் பெற்றார். 1877-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார்; 1893-இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் வீற்றிருந்தார்.

இன்றைய சட்ட எழுத்தர் முறை வேறு மரபில் வந்தது. அமெரிக்க நீதிபதி ஹொரேஸ் கிரே, மாசசூசெட்ஸில் இருந்தபோதே சட்டக் கல்லூரியில் தேறிய இளைஞர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அவர்களுள் ஒருவரான லூயி பிராண்டைஸ் பின்னாளில் தாமே அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதியானார். கிரே 1882-இல் உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றபோது அவ்வழக்கமும் உடன் சென்றது. நம் நாட்டிலும் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் இளம் பட்டதாரிகளைக் குறிப்பிட்ட காலத்திற்கு அமர்த்திக்கொள்கின்றன. மனுக்களைச் சுருக்குவதும், முன் தீர்ப்புக்களைத் தேடித் தருவதும் அவர்கள் கடமை. தீர்ப்பளிப்பது நீதிபதி மட்டுமே.

மாணவரின் விண்ணப்பத்தைப் பார்த்தேன். ஆங்கிலம் பிழையின்றி இருந்தது. ஆனால் ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. உற்று நோக்கினேன். பள்ளி முழுவதும் தமிழில் பயின்றதையும், ஊராருக்குப் பழைய பத்திரங்களைப் படித்துப் பொருள் சொல்வதையும் எழுதி, வெட்கத்தால் அடித்திருந்தார்.

"இதை ஏன் அடித்தீர், தம்பி?" என்றேன்.

"இதைப் படித்தால் குறைவாக நினைப்பார்களோ என்று..." என இழுத்தார்.

உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் வழங்குகின்றது. கீழிருந்து வரும் சாட்சியமும் சாசனங்களும் பெரும்பாலும் தமிழில் உள்ளன. இரண்டையும் அறிந்தவர் அங்கே வேண்டாமா? வேதநாயகரைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் பேசவில்லை. என் மேசை மீதிருந்த எழுதுகோலை எடுத்து, அடித்த வரியை மீண்டும் எழுதினார். முசிறி வழியாகத் தொட்டியம் செல்லும் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு விரைந்தார்.