காற்றிலிருந்து தண்ணீருக்கு: போர்ஷே 911இன் இரு தலைமுறைகளும் ஓட்டும் சுகமும்

1997 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் ஒரு புதிய 911ஐக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் பழையது. பின்சக்கரங்களுக்கும் பின்னால் எஞ்சினை வைக்கும் வழக்கமும் பழையது. ஆனால் 1963இல் இதே கண்காட்சியில் அறிமுகமான காரிலிருந்து வழிவழியாக வந்த உடற்கூடும், காற்றால் குளிரும் எஞ்சினும் அதில் இல்லை. தொழிற்சாலைக்குள் அதற்கு 996 என்று எண். அதற்கு முந்தைய 993இன் கடைசி வண்டி 1998 மார்ச் 31 அன்று உற்பத்தி வரிசையிலிருந்து வெளியே வந்தது. அன்று முதல் ரசிகர்களிடையே ஒரு தீர்ப்பு உலவிவருகிறது: 993தான் கடைசி அசல் 911, தண்ணீர் வந்தது, சுகம் போனது.

இந்தத் தீர்ப்பைத் தொழில்நுட்பச் சான்றுகளோடும் நிறுவனத்தின் வரலாற்றோடும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. பார்த்தால், 996இல் ஏதோ ஒன்று குறைந்தது உண்மைதான். ஆனால் பழியைத் தண்ணீர்மேல் போடுவது தவறு என்று தெரியும்.

முதலில் சுகம் என்று எதைச் சொல்கிறோம்? வேகத்தை அல்ல. வேகம்தான் அளவுகோல் என்றால் விவாதமே இல்லை. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட 993இன் அடிப்படை மாடலான கரேராவுக்கு 5.6 விநாடி, 996 கரேராவுக்கு 5.2. உச்ச வேகம் முன்னதற்கு 270, பின்னதற்கு 280. எடையிலும் புதியதே இலகு: 1,370 கிலோ 1,320 ஆகியிருந்தது. காகிதத்தில் எல்லாவற்றிலும் தோற்ற கார்தான் மனசில் ஜெயித்தது. ஆகவே இங்கே சுகம் என்பது சாலையிலும் சக்கரங்களிலும் நடப்பவை ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் காதுக்கும் எவ்வளவு வந்துசேர்கின்றன, எந்த வேகத்தில் வந்துசேரத் தொடங்குகின்றன என்பது.

பின்பாரம்

911இன் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு பின்சக்கரங்களின்மேல் நிற்கிறது. முன்பாரம் குறைவு என்பதால் ஸ்டீயரிங் இலேசாக இருக்கும்; சாலையின் சிறு மேடுபள்ளத்துக்கும் அது கையில் மெல்லத் துடித்துக்கொண்டே வரும். வளைவு நெருங்கும்போது பிரேக்கை அழுத்தினால் பாரம் முன்னே வந்து முன் டயர்கள் தரையைப் பற்றும். அந்த நொடியில் திருப்ப வேண்டும். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் அமர்ந்து காரை முன்னே உந்தும். வேறெந்த ஏற்பாட்டிலும் இத்தனை பிடிப்போடு ஒரு கார் வளைவை விட்டு வெளியேறுவது கடினம். ஆனால் பாதி வளைவில் பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டால் கதை வேறு. பாரம் முன்னே ஓடிவிடும். பழைய சஸ்பென்ஷனில் பின்சக்கரங்கள் சற்றே வெளிப்பக்கம் திரும்பும். வால் முன்னே வரப் பார்க்கும்.

இந்தக் குணத்தை அடக்க நிறுவனம் எடுத்த முயற்சிகளைத் தொகுத்தாலே 911இன் வரலாறு பாதி முடிந்துவிடும். 1969ஆம் ஆண்டு மாடலில் முன்பின் சக்கரங்களின் இடைவெளி 2,211 மில்லிமீட்டரிலிருந்து 2,268 ஆக நீட்டப்பட்டது. 1977இல் வந்த 928இல், காலை எடுத்தாலும் பின்சக்கரங்கள் திசை தவறாதபடி நிறுவனத்தின் வைசாக் ஆய்வு மையத்தின் பெயரிலேயே ஒரு பின் அச்சு அமைப்பு இடம்பெற்றது. அந்த 928தான் 911க்கு வாரிசு என்று நினைத்திருந்தார்கள். 1981இல் தலைமைப் பொறுப்பேற்ற பீட்டர் ஷுட்ஸ் அந்த முடிவை மாற்றாமல் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. 1989இல் வந்த 964 தலைமுறையில் முறுக்குக் கம்பிகளுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங்குகள், பவர் ஸ்டீயரிங், ஏ.பி.எஸ். பிரேக் எல்லாம் சேர்ந்தன. அப்போதும் ‘911 கெட்டுப்போயிற்று’ என்றவர்கள் இருந்தார்கள்.

993இல்தான் பின்பக்கம் அடியோடு மாறியது. அலுமினியச் சட்டம் ஒன்றில் பல இணைப்புக் கரங்களோடு அமைந்த அதன் பின் சஸ்பென்ஷன், பழைய வால்சுழற்சியைப் பெரும்பாலும் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. 993ஐக் காட்டுக் குதிரையாகவும் 996ஐப் பழக்கிய குதிரையாகவும் பேசுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பழக்கும் வேலை முடிந்தது 993இல். பழைய ஓசையும் பழைய உட்கூடும் புதிய ஒழுக்கமும் ஒரே வண்டியில் சேர்ந்திருந்தது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் மட்டும்தான். 993இன் இன்றைய மதிப்பில் பெரும்பங்கு இந்தத் தற்செயலான சேர்க்கைக்கு உரியது.

ஏன் தண்ணீர்?

எஞ்சினிலிருந்து அதிகத் திறன் பெறவும் புகையைக் குறைக்கவும் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் தேவைப்பட்டன. நான்கு வைத்தால் இரண்டு வெளியேற்று வால்வுகளுக்கு இடையே ஒடுக்கமான உலோகப் பாலம் ஒன்று மிஞ்சும். அங்கே சேரும் வெப்பத்தை விசிறிக் காற்று அள்ளிச் செல்ல முடியாது. இது திடீரென்று கண்டுபிடித்த விஷயம் அல்ல. 1978ஆம் ஆண்டின் 935 பந்தயக் காரிலேயே சிலிண்டர்களுக்குக் காற்று, தலைகளுக்குத் தண்ணீர் என்று பிரித்துக்கொண்டார்கள். 1980களின் 959 சூப்பர்காரிலும் அதே ஏற்பாடுதான். சாலைக்கான சாதாரண 911 மட்டும் இரண்டு வால்வுகளோடு காலம் தள்ளியது: 3.6 லிட்டர் எஞ்சின், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், 272 குதிரைத்திறன். 1996ஆம் ஆண்டு மாடலில் 285. கூடவே ஐரோப்பிய ஒலிக் கட்டுப்பாடும் 74 டெசிபலுக்கு இறங்கிவந்தது. குளிர்ச்சிக்காக மேனி முழுக்கச் செதில் வைத்த எஞ்சினுக்கு ஓசையை அடக்குவது எளிதல்ல. 993இன் எஞ்சினுக்கு அடியில் தகடு போட்டு மூட வேண்டி வந்தது.

இவை இரண்டும் சேர்ந்தாலும் காசுப் பிரச்சினையின் அவசரத்துக்கு ஈடாகாது. 1980களின் நடுவில் ஆண்டுக்கு 50,000க்கு மேல் விற்ற நிறுவனம், டாலர் சரிந்தபின் 1992–93 நிதியாண்டில் சுமார் 14,000 கார்களுக்கு வந்து நின்றது. தலைமைக்கு வந்த வெண்டலின் வீடெகிங், டொயோட்டாவில் பழுத்த ஜப்பானிய ஆலோசகர்களைத் தொழிற்சாலைக்குள் அழைத்தார். உதிரிபாகங்கள் குவிந்துகிடந்த உயர அலமாரிகளை அவரே ரம்பம் எடுத்துப் பாதியாக அறுத்தார் என்பது அந்தக் காலத்தின் புகழ்பெற்ற காட்சி. கைவேலை மிகுந்த 993ஐ அப்படியே செய்துகொண்டிருந்தால் நிறுவனம் தேறியிருக்காது. ஆகவே 1993 டெட்ராய்ட் கண்காட்சியில் பாராட்டு வாங்கிய பாக்ஸ்டரையும் புதிய 911ஐயும் சேர்த்தே உருவாக்கினார்கள். முன் மூடி, முன் விளக்கு, கதவு, உட்புறத்தில் பெரும்பகுதி எல்லாம் இரண்டுக்கும் பொது. பாக்ஸ்டர் 1996இல் முந்திக்கொண்டு வந்துவிட்டதால், இரு மடங்குக்கு நெருங்கிய விலை கொடுத்து 911 வாங்கியவர், எதிரே வரும் மலிவான காரில் தன் முகத்தையே பார்க்க வேண்டியதாயிற்று. ஆரஞ்சுத் திட்டோடு வழிந்திருந்த அந்த விளக்கைப் பொரித்த முட்டை என்று கேலி செய்தார்கள். வெறுப்பின் பெரும்பகுதி இங்கே தொடங்கியது என்றே நினைக்கிறேன். எஞ்சினை யாரும் திறந்து பார்ப்பதற்கு முன்பே.

இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தால்

993இல் முன்கண்ணாடி நிமிர்ந்தும் முகத்துக்கு அருகிலும் இருக்கிறது. அதன் வழியே இரண்டு முன் விளக்குகளின் மேடும் தெரிவதால், குறுகிய சாலையில் காரின் ஓரம் எங்கே முடிகிறது என்று கண்ணே சொல்லிவிடும். கிளட்ச், பிரேக் பெடல்கள் தரையிலிருந்து முளைத்து நிற்கின்றன. 911க்கு முந்தைய 356 மாடலின் காலத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. குதிகாலைத் தரையில் ஊன்றி மிதிக்கும்போது பாதம் போகும் வளையமும் பெடல் போகும் வளையமும் ஒத்துப்போகாது; பழகும்வரை கால் தடுமாறும். சுவிட்சுகள் முப்பது வருடங்களில் அங்கங்கே ஒட்டிக்கொண்டவை. ஹீட்டரை இயக்கத் தனிப் பயிற்சி வேண்டும். கதவு மூடும்போது வரும் உலோகச் சத்தத்துக்காகவே அந்தக் காரை வாங்கலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அது மிகை. ஆனால் ஒருமுறை கேட்டவர்கள் மறுத்துப் பேசியதில்லை.

996 இவை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியது. நீளம் 185 மில்லிமீட்டர் கூடி 4,430 ஆனது. சக்கர இடைவெளி 78 மில்லிமீட்டர் கூடி 2,350. அகலம் 30 மட்டும்தான் கூடியது. கண்ணாடி சாய்ந்தது, உள்ளே இடம் பெருகியது, பெடல்கள் மேலிருந்து தொங்கின, ஏர்கண்டிஷனர் ஒருவழியாகக் குளிர்ந்தது. பெடல் விஷயத்தில் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை; காலுக்கு 996தான் நல்லது. ஸ்டீயரிங்கோ இரண்டிலும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது, இரண்டிலும் பேசுவது.

எஞ்சினில்தான் குணம் திரும்பியது. புதியது 3.4 லிட்டர், நான்கு வால்வு, 300 குதிரைத்திறன். 993இன் உச்சத் திறன் நிமிடத்துக்கு 6,100 சுற்றில் கிடைக்க, இதற்கு 6,800 வேண்டும். மேலே போகப்போக அது பாடும் என்பது உண்மை. ஆனால் சிலிண்டரைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஓசையையும் விழுங்கிக்கொண்டது. 993இல் நகரத்து வேகத்திலேயே விசிறியின் இரைச்சலும் செதில்களின் அதிர்வும் முதுகுக்குப் பின்னால் கேட்கும். ஆக்சிலரேட்டரில் கால் எவ்வளவு இருக்கிறது என்று காதால் அறியலாம். 996இல் அந்தப் பேச்சு தொடங்கவே வேகம் கூட வேண்டும். நீண்ட சக்கர இடைவெளியும், 16 அங்குலத்திலிருந்து 17க்கு வளர்ந்த சக்கரங்களும் அதே திசையில் தள்ளின. சுகம் அழியவில்லை, சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குச் சற்று மேலே குடிபெயர்ந்தது.

இந்த இடப்பெயர்வுக்குத் தண்ணீர்தான் காரணமா? இல்லை என்பதற்கு 996 குடும்பத்திலேயே சாட்சி இருக்கிறது. 1999இல் வந்த ஜிடி3க்கும் தண்ணீர்க் குளிர்ச்சிதான். அதே சக்கர இடைவெளி, அதே சாய்ந்த கண்ணாடி, அதே தொங்கும் பெடல்கள், கேலிக்கு ஆளான அதே விளக்கு. எஞ்சின் மட்டும் வேறு: பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அறியப்படும் அந்த 3.6 லிட்டர், 360 குதிரைத்திறன் எஞ்சின், 1998இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற ஜிடி1 காரின் வம்சம். அதன் அடிப்பெட்டிக்கோ காற்றுக்குளிர் 911இன் பூர்வீகம். ராலி வீரர் வால்டர் ரோல் இந்த ஜிடி3இல் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றை 8 நிமிடத்துக்குள் முடித்தார். அதை உயிரற்ற கார் என்று சொன்ன ஒருவரைக்கூட நான் வாசித்ததில்லை. அப்படியானால் சாதாரண 996 கரேராவின் சாந்தம், யாருக்கு விற்பது என்ற முடிவிலிருந்து வந்தது. தினமும் அலுவலகம் போகிறவருக்கு, நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறவருக்கு, இதுவரை 911 வாங்க யோசித்தவருக்கு விற்க வேண்டியிருந்தது. விற்றார்கள். நிறுவனம் பிழைத்தது.

சுகத்தைக் கெடுத்த இன்னொரு சங்கதி சாலையில் தெரியாதது. சாதாரண 996 கரேரா எஞ்சினின் இடைத் தண்டில் இருந்த பேரிங் சில கார்களில் உடைந்து எஞ்சினையே பறிகொடுக்க வைத்தது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. ஓட்டும்போதெல்லாம் பின்னால் ஒரு காதை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவருக்குச் சுகம் ஏது? பழைய கார்ச் சந்தையில் 996 நெடுங்காலம் மிக மலிவான 911ஆகக் கிடந்ததற்கு விளக்கோடு இதுவும் காரணம்.

பிற்காலத்தின் தீர்ப்பு

பிறகு காற்று மாறி அடித்தது. 2011இல் வந்த 991 தலைமுறையில் சக்கர இடைவெளி 2,450 மில்லிமீட்டர். ஸ்டீயரிங்குக்கு உதவி மின்மோட்டாரிலிருந்து. இம்முறை புகார், கையில் வரும் அந்த மெல்லிய துடிப்பு குறைந்துவிட்டது என்பது. 2015இல் சாதாரண கரேராவுக்கும் டர்போ வந்தது. 2018இன் 992க்கு அகலம் 1,852 மில்லிமீட்டர். இவற்றின் பக்கத்தில் நிறுத்தியபோதுதான் 1,765 மில்லிமீட்டர் அகலமுள்ள, எண்ணெய் ஸ்டீயரிங்கும் டர்போ இல்லாத எஞ்சினும் கொண்ட 996 எத்தனை ஒல்லியான, எத்தனை வெளிப்படையான கார் என்று பலருக்கும் உறைத்தது. கார் மாறவில்லை, அதைத் தாழ்த்திப் பேசிய அதே வாய்கள் இப்போது ‘அசல்’ என்ற எல்லைக்கோட்டை அதற்கு அப்பால் நகர்த்தி வரைகின்றன. 1969 முதல் நடந்துவரும் பழக்கம் இது. ஒவ்வொரு தலைமுறைக்கும் நற்சான்று கொடுப்பது அதற்கு அடுத்துவந்த தலைமுறைதான்.

நிறுவனமும் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. 2013இல் வந்த 991 ஜிடி3யில் கிளட்ச் பெடலே கிடையாது. தானியங்கி இரட்டைக் கிளட்ச் கியர் மட்டும். எதிர்ப்பு கிளம்பியது. 2016இல் 911 ஆர் என்ற பெயரில், தலைமுறை எண்ணுக்கு ஒத்தாற்போல் மொத்தமே 991 கார்கள் செய்யப்பட்டன: 4 லிட்டர், டர்போ இல்லை, 500 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர். 1998 வரை எந்த விற்பனையகத்திலும் கிடைத்துக்கொண்டிருந்த அனுபவம் ஒன்று, எண்ணிக்கை குறித்துத் தனிச் சரக்காக விலைக்கு வந்தது. கார்பன் இழைப் பாகங்களும் மெக்னீசியக் கூரையும் வைத்து அரும்பாடுபட்டு அதன் எடையைக் குறைத்திருந்தார்கள். 1,370 கிலோ, 993 கரேராவின் எடை.