கான்டிலீவர் பிரேக்கும் தம்பலகாமத்துச் சேறும்

கான்டிலீவர் பிரேக் என்பது சில்லின் இருபுறமும் தனித்தனியே நிற்கும் இரண்டு கைகளால் றிம்மைப் பிடிக்கும் சைக்கிள் பிரேக். முன்புறம் போர்க்கின் இரு கால்களிலும், பின்புறம் சீற்றடியிலிருந்து பின்னச்சுக்கு இறங்கும் இரு குழாய்களிலும் பற்றவைத்த முளைகளில் இந்தக் கைகள் சுழலும். லீவரிலிருந்து வரும் பிரேக் வயர் ஒரு கொக்கியில் முடியும். கொக்கியில் மாட்டிய குறுக்கு வயர் இரு கைகளையும் இணைக்கும். லீவரை அழுத்தினால் கொக்கி மேலெழும், கைகள் உள்நோக்கிச் சாயும், பிரேக் கட்டைகள் றிம்மில் படியும்.

இதன் பெருமை அது விடும் இடைவெளியில் இருக்கிறது. சாதாரண கலிப்பர் பிரேக் ரயரை ஒட்டி வளைந்து நிற்பதால் சேறு வந்து அடைத்துக்கொள்ளும். கான்டிலீவரில் ரயருக்கு மேலே மெல்லிய வயர் மட்டுமே உண்டு. பிரான்சின் மாஃபாக் நிறுவனம் செய்த கான்டிலீவர்களை ஐரோப்பியச் சேற்றுப் பந்தயமான சைக்ளோகுரொஸ் ஓட்டுநர்கள் விரும்பியது அதனால்தான். 1970களின் இறுதியில் கலிபோர்னியாவில் மலைச் சைக்கிள் பிறந்தபோதும், 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மலைச் சைக்கிள் கடைக்கு வந்தபோதும் இதே பிரேக்தான். 1990களின் நடுவில் ஷிமானோவின் வீ-பிரேக் வந்து மலைச் சைக்கிள்களிலிருந்து இதை அகற்றியது. சைக்ளோகுரொஸில் மட்டும், 2010இல் டிஸ்க் பிரேக்குக்கு அனுமதி கிடைக்கும்வரை, இதன் ஆட்சி நீடித்தது.

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்வெளி. ஒக்டோபரில் மழைக்காலம் தொடங்கினால் வரம்போரப் பாதைகளின் களிமண் ரயரை விடாது. றலி, ஹம்பர் போன்ற பழைய வண்டிகளின் கம்பி பிரேக், குரோம் பூசிய இரும்பு றிம்மில் மழைநாளில் வழுக்கும். அலுமினிய றிம்மோடு கான்டிலீவர் பூட்டிய பழைய மலைச் சைக்கிள் இந்த மண்ணுக்கு அதைவிட நன்றாகவே பொருந்தும். ஆனால் அதைச் சீர்செய்யப் பொறுமை வேண்டும்.

முதல் வேலை வயரில் இல்லை, சில்லில். றிம் ஆடினால் ஸ்போக் கம்பிகளை இழுத்து நேராக்கிய பிறகே பிரேக்கைத் தொட வேண்டும். அடுத்து முளைகள். கையைக் கழற்றி, துருவைத் தேய்த்து, கிறீஸ் மெல்லியதாகப் பூச வேண்டும். தம்பலகாமக் குடாவின் உப்புக்காற்று படும் ஊரில் இது தவிர்க்கக்கூடாத வேலை. முளையடியில் ஸ்பிரிங் முனை நுழைய மூன்று துளைகள் இருந்தால் இருபுறமும் நடுத்துளையே பொதுவாகச் சரிவரும்.

கட்டையை வைப்பதுதான் நுட்பமான இடம். அது ரயரைத் தொட்டால் ரயரின் பக்கத்தை அறுத்துவிடும். றிம்மின் கீழ்விளிம்புக்கு இறங்கினாலும் ஆபத்துத்தான். கை கீழேயுள்ள முளையைச் சுற்றி வளைவாக அசைவதால், கட்டை தேயத் தேய றிம்மில் படும் இடமும் தாழ்ந்துகொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் றிம்முக்கு அடியில் நழுவி ஸ்போக்கில் சிக்கும். ஆகவே புதுக்கட்டையை ரயரில் படாத அளவுக்குச் சற்று மேலேயே வைப்பது நல்லது. வண்டியின் முன்பக்கம் நோக்கிய முனை முதலில் தொட்டு, பின்முனையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் கீச்சொலி அடங்கும். இதற்கு எளிய வழி, கட்டையின் பின்முனையில் ஓர் இறப்பர் வளையத்தைச் சுற்றி, றிம்மோடு அழுத்திப் பிடித்து நட்டை இறுக்கி, பிறகு வளையத்தை உருவிவிடுவது.

பிறகுதான் குறுக்கு வயர். கொக்கி தாழ்ந்தால் பிடி பலக்கும், ஆனால் கட்டை நகரும் தூரம் குறையும். அப்போது கட்டை றிம்மை நெருங்கி நிற்க வேண்டும். சேறு போக இடம் குறையும். கொக்கி உயர்ந்தால் இடம் கிடைக்கும், பிடி தளரும். ஒடுங்கிய கைகளில் இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரியும். வயற்பாதையில் போகும் வண்டிக்குப் பிடியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது இடைவெளியைக் காப்பதே அறிவுடைமை. ஒருபக்கக் கட்டை மட்டும் றிம்மில் உரசினால் கையிலுள்ள சிறு திருகாணியைத் திருப்பி அந்தப் பக்க ஸ்பிரிங்கை இறுக்கினால் விலகும்.

இரண்டு எச்சரிக்கைகள். வீ-பிரேக்குக்கான லீவர் இதற்கு ஆகாது. அது வயரைக் கூடுதல் தூரம் இழுப்பதால் லீவர் கையில் உறுதியாகத் தோன்றும், வண்டியோ நிற்காது. முன்பிரேக்கின் பிரதான வயர் அறுந்தால் குறுக்கு வயர் ரயரின் பட்டிகளில் விழுந்து முன்சில்லைப் பூட்டி, ஓட்டுபவரைத் தூக்கி எறியலாம். போர்க்கின் தலையில் மட்கார்டோ பிரதிபலிப்பான் தாங்கியோ இருந்தால் வயர் அதில் தங்கிவிடும். ஆகையால் அழகுக்காக இவற்றைக் கழற்றக்கூடாது.