லேத்தில் வராத தூண்

எங்கள் கொட்டாரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் வழியில் சில கிலோமீட்டர் தொலைவில் சுசீந்திரம். அங்குள்ள தாணுமாலயன் கோயிலின் அலங்கார மண்டபத்து இசைத்தூண்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சென்ற முறை, கோயம்புத்தூரில் கணினி லேத் இயக்கும் எங்கள் ஊர்க்காரத் தம்பி ஒருவர் உடன் வந்திருந்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, இது லேத்துல வராத வேலையாக்கும்" என்றார். நான் சிற்பம் பார்த்த இடத்தில் அவர் ஒரு தொழிற்கணக்கைப் பார்த்திருக்கிறார். அக்கணக்கை விளங்கிக்கொள்ள முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

லேத்துக்குத் தமிழில் பழைய சொல் உண்டு: கடைசல். மோர் கடைவதும் மரம் கடைவதும் நமக்கு ஒரே வினைச்சொல். இது தற்செயலன்று. மத்தில் கயிற்றைச் சுற்றி இருபுறமும் மாறி மாறி இழுப்பது போலவே, பழைய கடைசல் பட்டறையிலும் மரத்துண்டில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுப்பார். மற்றவர் உளியைப் பிடிப்பார். ஒரு கருவியின் செயல்முறை முழுவதையும் ஒரு வினைச்சொல் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது. தொட்டில் கால்களும் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் இந்தக் கலையில் பிறந்தவையே.

ஆனால் கடைசலுக்கு ஓர் எல்லை உண்டு. பொருள் ஓர் அச்சில் சுழல்கிறது. எனவே அந்த அச்சைச் சுற்றி உருண்டையாக அமைவதை மட்டுமே அதில் செய்ய முடியும். பேலூர், ஹளேபீடு கோயில்களின் மாக்கல் தூண்கள் கடைசல் பிடிக்கப்பட்டவை என்பது கலை வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ஒவ்வொன்றும் தனித்தூண், ஒவ்வொன்றுக்கும் ஒரே நடு அச்சு; ஆகவே அது இயலும். சுசீந்திரத்தில் நிலைமை வேறு. ஒரே கருங்கல்லில் சிறு தூண்கள் கொத்தாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு. அவை கல்லின் நடுவிலிருந்து விலகியவை. அடியும் முடியும் தாய்க்கல்லோடு ஒட்டியவை. எதைச் சுழற்றுவது? கல் அசையாமல் நிற்க, கைதான் எல்லாத் திசைகளிலும் அசைய வேண்டியிருந்தது. தம்பி சொன்னதன் பொருள் இதுதான்.

இயந்திரத்தின் வரலாறு, கையின் இந்தச் சுதந்திரத்தை ஒவ்வொன்றாகக் கைப்பற்றிய வரலாறு என்று சொல்லலாம். 1800 வாக்கில் இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லி செப்பமாக்கிய திருகு வெட்டும் லேத்தில், உளியைக் கை பிடிக்கவில்லை. இரும்புச் சறுக்குத் தாங்கி பிடித்தது. கையின் உறுதி இயந்திரத்துக்குச் சென்றது. அடுத்த பெருந்திருப்பம் அமெரிக்காவில். ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாகப் பெற முயன்ற ஜான் பார்சன்ஸின் யோசனையிலிருந்து தொடங்கிய பணி, 1952-இல் எம்.ஐ.டி.யில் துளையிட்ட நாடாவின் ஆணைப்படி மூன்று அச்சுகளில் இயங்கும் ஓர் இயந்திரமாகக் காட்டப்பட்டது. கையின் நினைவும் இப்போது நாடாவுக்குச் சென்றுவிட்டது. பின்னர் நாடாவின் இடத்தைக் கணினி பிடித்தது.

சாதாரண லேத்தில் உளிக்கு இரண்டே நகர்வுகள்: நீளவாக்கில் ஒன்று, ஆழவாக்கில் ஒன்று. இன்றைய பல அச்சு லேத்தில் சுழலும் பொருளை விரும்பிய கோணத்தில் நிறுத்தலாம். உளியின் இடத்தில் தானே சுழலும் வெட்டுக்கருவியைப் பொருத்தலாம். அதை நடு அச்சிலிருந்து விலக்கலாம், சாய்க்கலாம். ஒரு முனை முடிந்ததும் எதிரே இருக்கும் இரண்டாம் சுழல்தண்டு பொருளைப் பிடித்துக்கொள்ளும். தொழிலாளி பொருளைக் கழற்றி மறுபடி மாட்டும் ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் பிழை சேரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இங்கே அந்த மறுமாட்டலே பெரும்பாலும் இல்லை. விலகிய அச்சு, சாய்ந்த துளை, முறுக்கிய இதழ் எல்லாம் ஒரே இடத்தில் முடிகின்றன. சுசீந்திரத்துச் சிற்பியின் கணக்கை இயந்திரம் ஒருவாறு எட்டிப்பிடித்தது இப்படித்தான்.

எட்டிப்பிடித்ததும் வேறொன்று நிகழ்ந்தது. கையில் இருந்தவரை அந்த அறிவு ஆளோடு நடந்து சென்றது. இயந்திரத்துக்குள் புகுந்தபின் அதைப் பூட்டிவைக்க முடிந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனம், தடையை மீறி, கப்பல் உந்துவிசிறிகளைச் செதுக்கும் ஒன்பது அச்சு இயந்திரங்களைச் சோவியத் ஒன்றியத்துக்கு விற்றது. கட்டுப்பாட்டுக் கருவிகள் நார்வேயின் கோங்ஸ்பெர்க் நிறுவனத்துடையவை. நீர்மூழ்கிகளின் ஓசை குறைந்துவிடும் என்பது அமெரிக்காவின் அச்சம். 1987-இல் செய்தி வெளியானபோது அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் சிலர் தோஷிபா வானொலிப் பெட்டியைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினர். 1996-இல் உருவான வாசெனார் உடன்பாட்டின் பட்டியலிலும் ஐந்து அச்சு இயந்திரங்கள் உண்டு. இந்தியா அதில் உறுப்பினரானது 2017 டிசம்பரில்தான்.

பூட்டு என்றால் என்ன என்பதை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கொட்டாரத்துக்கு நேர் வடக்கே மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில்தான் இஸ்ரோவின் ராக்கெட் இயந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தைச் சோவியத் ஒன்றியத்திடமிருந்து பெற இந்தியா 1991-இல் ஒப்பந்தம் செய்தது. 1992-இல் அமெரிக்கா தடை விதித்தது. முடிவில் ஆயத்த இயந்திரங்கள் வந்தன, செய்யும் அறிவு வரவில்லை. அது ஏவுகணைத் தொழில்நுட்பம் சார்ந்த தடை, லேத்தின் மீதானதன்று. ஆயினும் பாடம் ஒன்றே. நாமே செய்த இயந்திரம் 2010 ஏப்ரல் 15 அன்று முதற்பயணத்தில் தோற்றது. 2014 ஜனவரி 5 அன்று வென்றது. இடைப்பட்ட காலமெல்லாம் பூட்டிய அறிவை மறுபடி நம் கைக்குக் கொண்டுவந்த காலம்.

இவற்றையெல்லாம் பின்னொரு நாள் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மெஷின்ல புரோகிராம் ஓடும்போது நான் சும்மாத்தான் நிப்பேன், அண்ணே. ஆனா சத்தம் மாறினா எனக்குத்தான் முதல்ல தெரியும்" என்றார். வெட்டும் ஓசையிலிருந்து உளி மழுங்குவதை அறிவாராம். தட்டினால் என்ன ஒலி எழும் என்று அறிந்து கருங்கல்லைக் குடைந்த சிற்பியும் செவியைத்தான் நம்பியிருப்பார். அவர் பெயரை நாம் அறியோம். எல்லா அச்சுகளும் இயந்திரத்துக்குச் சென்றபின்னும், ஏதோ ஒன்று இன்னும் ஆளிடமே தங்கியிருக்கிறது. அதை எந்தப் பட்டியலிலும் சேர்த்துத் தடைசெய்ய முடியாது. நாம் கற்றுக்கொடுக்காமல் விட்டால் மட்டுமே அது தொலையும்.