சித்திரக்கவியும் குழந்தைகளின் சொல்லோவியமும்

சித்திரக்கவி என்பது தேர், பாம்பு, சக்கரம் முதலிய வடிவங்களுக்குள் எழுத்துகள் அடங்குமாறு பாடப்படும் செய்யுள் வகையாகும். எழுத்துகளைக் கொண்டு நிகழ்த்தும் சொல்விளையாட்டுகளும் இதில் அடங்கும். தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் மாலைமாற்று, நாகபந்தம், எழுத்து வருத்தனம் முதலியவற்றுக்கு இலக்கணம் கூறுகிறது. இவ்வகைப் பாடல்களுக்கு மிறைக்கவி என்றும் பெயர் உண்டு. வித்தையே மிகுந்து உணர்வு குறைந்தது என்ற குறை இதன்மீது நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. பிற்காலப் புலவர் பலரைப் பொறுத்தவரை அது சரியே.

ஆனால் இதன் தொடக்க நிலையில் நிற்பவர் ஒரு சிறுவர். கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர் மூன்று வயதில் பாடத் தொடங்கியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. இன்றைய அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடியும் கீழப்பழுவூரும் அவர் பாடிய தலங்களாகும். அவருடைய திருவெழுகூற்றிருக்கையில் ஒன்று முதல் ஏழு வரையான எண்கள் தேர்த்தட்டுகளைப் போலப் படிப்படியாக ஏறி இறங்குகின்றன. சீர்காழியின் பன்னிரண்டு பெயர்களும் அதனுள் வருகின்றன. மகன் பாடிய பதிகங்கள் அனைத்தையும் நாள்தோறும் ஓத இயலாத தந்தை சிவபாத இருதயருக்காக இது பாடப்பட்டது என்பது சைவ மரபு. அம்மரபின்படி, இவ்வளவு கடினமான வடிவம் பிறந்தது அப்பா மீதுள்ள அன்பினால்தான். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் மாலைமாற்றுப் பதிகமும் அவர் பாடியதே.

மேலை நாட்டில் பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேர் 1918இல் வெளியிட்ட தொகுப்பில், மழை பற்றிய கவிதையின் எழுத்துகள் தாளில் மழைத்தாரைபோலச் சரிந்து விழுகின்றன. குழந்தைகளிடம் கவிதையைக் கொண்டுசென்றவர்களுள் அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக் குறிப்பிடத்தக்கவர். நியூயார்க் நகரின் ஓர் அரசுப் பள்ளியில் அவர் பயிற்றுவித்த அனுபவம் 1970இல் நூலாக வந்தது. 'எனக்கு ஆசை' என்று ஒவ்வொரு வரியையும் தொடங்கச் சொல்வது அவர் கையாண்ட வழிகளுள் ஒன்று. எதுகை தேட வேண்டாம் என்றதும் பிள்ளைகள் தயங்காமல் எழுதினர்.

ஆங்கில வகுப்பறைகளில் பரவலாக உள்ள இன்னொரு பயிற்சி, ஒரு சொல்லின் எழுத்துகளை மேலிருந்து கீழாக அடுக்கி, ஒவ்வோர் எழுத்திலும் ஒரு வரி தொடங்குவது. தமிழில் இது எளிதில் கைகூடாது. 'அம்மா' என்று அடுக்கினால் இரண்டாவது வரி 'ம்' என்று தொடங்க வேண்டும். மெய்யெழுத்து தமிழில் சொல்லுக்கு முதலாகாது. 'பயம்', 'கோபம்' ஆகியவை ஈற்றெழுத்தில் தட்டும். 'தனிமை' என்ற சொல்லில் 'னி' தடையாகும். பிள்ளை சொல்ல வந்த உணர்வு எழுத்துச் சிக்கலில் நின்றுவிடும்.

தமிழுக்கு இசைவான வழிகள் பழைய மரபிலேயே உள்ளன. எழுத்து வருத்தனம் என்பது எழுத்தைக் கூட்டக் கூட்டப் புதுப்பொருள் தரும் விளையாட்டு: 'தா' என்பதோடு ஓர் எழுத்துச் சேர்ந்தால் 'தாய்'. ஒரு வரி முடிந்த சொல்லில் அடுத்த வரியைத் தொடங்கும் அந்தாதி, அடுத்து என்ன எழுதுவது என்று திகைக்கும் பிள்ளைக்குக் கைகொடுக்கும். வடிவ எழுத்து இன்னும் எளிது. கோபத்தைப் பெரிய, முட்டிமோதும் எழுத்துகளாகவும் பயத்தைத் தாளின் மூலையில் ஒடுங்கிய சிற்றெழுத்தாகவும் வரையலாம். அதற்கு யாப்பிலக்கணம் தேவையில்லை; எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதும்.