மேலூர்ச் சீமையில் நாடு, கிராமம், ஊராட்சி: எல்லைகளின் வரலாறு

மதுரையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேலூரும் அதைச் சூழ்ந்த ஊர்களும், மேற்கே அழகர்மலையும் இடையிடையே எழும் கரட்டுப் பாறைக் குன்றுகளும் கொண்டு, தென்கிழக்கு நோக்கி மெல்லச் சரியும் செம்மண் சமவெளியில் அமைந்துள்ளன. வற்றாத ஆறு எதுவும் இப்பகுதியின் நடுவே ஓடாததால், வடகிழக்குப் பருவமழையின் நீரைத் தேக்கிவைக்கும் கண்மாய்களே இங்கு வேளாண்மைக்கும் குடியிருப்புக்கும் அடிப்படையாயின. மேலேயுள்ள கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழேயுள்ள கண்மாய்க்கு நீர் சேரும் என்ற அமைப்பு, ஓர் ஊர் தனக்குள் மட்டும் முடிவெடுத்து வாழ இயலாத நிலையை உருவாக்கியது. ஆகவே, ஊரைக் கடந்த ஒரு பொது அதிகாரம் தேவைப்பட்டதன் காரணத்தை அரசர்களின் ஆணைகளில் தேடுவதைவிட நிலத்தின் இந்தச் சரிவில் தேடுவதே பொருத்தமாகும்.

குழுவாகக் கூடிச் செயல்படும் அமைப்புகளுக்கு இப்பகுதியில் மிகப் பழைய சான்று உண்டு. மேலூருக்கு மேற்கே மீனாட்சிபுரத்தை ஒட்டிய மாங்குளம் மலையில் 1882இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரோடு, சமண முனிவர்களுக்குக் கொடையளித்த வெள்ளறை நிகமத்தாரையும் குறிப்பிடுகின்றன. நிகமம் என்பது வணிகர் குழு. வெள்ளறை என்பது இன்றைய வெள்ளரிப்பட்டி என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தனவாக ஐராவதம் மகாதேவன் கணித்த இக்கல்வெட்டுகளை ஊராட்சியின் தொடக்கமாகக் கொள்வது மிகை. நிகமம் வணிகர்களைக் கட்டுப்படுத்தியதே தவிர, நிலத்தை ஆண்டதாகச் சொல்ல இயலாது. ஊரை ஆண்ட சபையின் உறுப்பினருக்கான தகுதிகளை வரையறுக்கும் பாண்டிய நாட்டுச் சான்றுக்குத் தெற்கே திருநெல்வேலிப் பகுதியின் மானூருக்கே செல்ல வேண்டும். அங்குள்ள ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டுக் கல்வெட்டு, புகழ்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது.

மேலூர்ப் பகுதியில் நீண்டகாலம் நிலைத்த ஆட்சிப்பரப்பு ‘நாடு’ ஆகும். இடைக்காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது பல ஊர்களை உள்ளடக்கிய வேளாண் வட்டாரத்தையும், நாட்டார் என்பது அவ்வட்டாரத்தின் நிலவுடைமையாளர் குழுவையும் குறித்தன. பேரரசுகள் மறைந்த பின்னும் அச்சொல் இங்கு கள்ளர் சமூகத்தாரின் வட்டார அமைப்புகளுக்குப் பெயராக நின்றது. மேலநாடு, சிறுகுடிநாடு, வெள்ளலூர்நாடு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. வெள்ளலூர்நாடு இன்றும் வெள்ளலூர், அம்பலக்காரன்பட்டி, உறங்கான்பட்டி, குறிச்சிப்பட்டி, கோட்டநத்தாம்பட்டி என்னும் ஐந்து மாகாணங்களாகவும், அவற்றுக்குட்பட்ட ஏறத்தாழ 60 ஊர்களாகவும் எண்ணப்படுகிறது. அம்பலம் என்று அழைக்கப்படும் தலைவர்களும் அவர்களுக்குத் துணையான இளங்கச்சிகளும் மந்தையில் கூடி, ஏழைகாத்த அம்மன் திருவிழா முதல் ஊர்ப் பிணக்குகள் வரை முடிவு செய்வது வழக்கம். 18ஆம் நூற்றாண்டில் வரி கொடுக்க மறுத்த வெள்ளலூரை ஆங்கிலேயக் கேப்டன் ரம்லியின் படை தாக்கி ஏராளமானோரைக் கொன்றதை ஜே.எச். நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரை வரலாற்று நூல் பதிவு செய்துள்ளது. நாடு என்பது வெறும் சடங்கு அமைப்பாக இருந்திருப்பின், அதற்கு எதிராகப் படை நடத்த வேண்டிய தேவை எழுந்திராது.

1801இல் கருநாடக நவாபின் நிலப்பரப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்தபின், நாட்டின் மீது வேறொரு வரைபடம் போர்த்தப்பட்டது. நிலத்தை அளந்து, தீர்வை விதித்து, கணக்கெழுத உருவாக்கப்பட்ட ‘வருவாய்க் கிராமம்’ அதன் அடிப்படை அலகு. மணியக்காரர், கர்ணம், தலையாரி ஆகியோர் தலைமுறை உரிமையாக அதன் நிர்வாகத்தை நடத்தினர். மணியக்காரர், கர்ணம் பதவிகள் 1980ஆம் ஆண்டின் அவசரச் சட்டத்தால்தான் நீங்கி, கிராம நிர்வாக அலுவலர் பதவி உருவாயிற்று. இதைவிடவும் ஆழமான மாற்றத்தைக் கொணர்ந்தது தண்ணீர். கர்னல் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டு, மேற்கு நோக்கி ஓடிய நீர் சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வைகையைச் சேர்ந்து, பேரணையில் பிரியும் கால்வாய் வழியாக மேலூர்ப் புன்செய்களை எட்டியது. கள்ளந்திரி வரையிலான நிலம் இருபோகமாகவும், அதற்கு அப்பாலுள்ள மேலூர்ப் பகுதி ஒருபோகமாகவும் வகுக்கப்பட்டன. எப்போது மடை திறப்பது என்னும் முடிவு அன்றுமுதல் அம்பலத்திடமும் இல்லை, கிராமத்திடமும் இல்லை. அது பொதுப்பணித் துறையிடம் சென்றது.

தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இவற்றுக்குப் பின்னரே மெதுவாக வந்தது. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884ஆம் ஆண்டுச் சென்னைத் தல நிர்வாகச் சட்டம் மாவட்ட, வட்ட வாரியங்களை அமைத்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் கிராமப் பஞ்சாயத்துக்கு இடமளித்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1960 முதல் ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. மேலூரும் கொட்டாம்பட்டியும் அவ்வாறு ஒன்றியங்களாயின. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை ஒட்டி இயற்றப்பட்ட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் நடைமுறைக்கு வந்து, கிராம சபையையும் பட்டியல் சாதியினர், மகளிர் ஆகியோருக்கான இடஒதுக்கீட்டையும் கட்டாயமாக்கியது. இன்று மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியங்களும் 420 ஊராட்சிகளும் உள்ளன.

புதிய அமைப்புகள் வந்த பின்னும் பழைய எல்லைகள் நீடிப்பதைப் புரிந்துகொள்ள, கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தை இங்கு ஒப்பிடுவது பயன்தரும். அங்கு ‘பாரிஷ்’ என்பது தேவாலயப் பங்கின் பெயரைத் தாங்கிய குடிமை நிர்வாகப் பிரிவு. 1967இல் கவுண்டி மன்றங்கள் கலைக்கப்பட்ட பின், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத சேவை மாவட்டங்களே ஊர்ப்புறங்களுக்கு வாய்த்தன; 2023 சீர்திருத்தத்தில் அவையும் நீக்கப்பட்டன. ஆயினும் பாரிஷின் எல்லையும் பெயரும் கணக்கெடுப்பிலும் மக்கள் பேச்சிலும் நீடிக்கின்றன. மேலூரின் நாடும் அதேபோல் உள்ளாட்சி அமைப்பில் இடமின்றி வாழ்கிறது. ஆனால் பாரிஷ் பெயரளவில் மட்டுமே நீடிக்க, நாடு அதிகாரத்தோடு நீடித்தது; அந்த அதிகாரத்தில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் பங்கு இருந்ததில்லை.

இந்த முரண் மேலூர்ப் பகுதியின் மேலவளவு ஊராட்சியில் இரத்தமாக வெளிப்பட்டது. 1996 தேர்தலுக்கு அவ்வூராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, வேட்புமனு செய்வதே தடுக்கப்பட்டு, தேர்தல் தள்ளிப்போய், அவ்வாண்டின் இறுதியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவரும் உடன் சென்ற ஐவரும் பேருந்து மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். மாவட்டத்தின் மறுகோடியில், உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுகளாக நிலைபெறாத தேர்தல் 2006இல்தான் முறையாக நடந்தது. மரபுவழி ஊராட்சியைப் புகழும் எழுத்துகள் இந்தப் பத்தாண்டுகளைக் கணக்கில் கொள்ளாமல் கடந்து செல்வது நேர்மையான வரலாறாகாது. மரபு அமைப்பு யாருக்கு எதிராகத் தன் எல்லையைக் காத்தது என்பதை அவை மறைத்துவிடுகின்றன.

உயிரைக் கொடுத்துப் பெறப்பட்ட அந்தப் பதவியின் அதிகாரம் எவ்வளவு என்பதும் ஆராயத்தக்கது. தெருவிளக்கு, குடிநீர், சாலை, துப்புரவு ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு. ஆனால் ஊரின் புவியியலைத் தீர்மானிக்கும் கண்மாயோ, 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உடையதாயின் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்ததாயின் ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளது. ஆயக்கட்டு என்பது ஒரு கண்மாயால் பாசனம் பெறும் நிலப்பரப்பு. குன்றுகளும் அவற்றின் அடியிலுள்ள கனிமங்களும் அரசுக்குரியவை. இவ்வாறு நிலமும் நீரும் கல்லும் ஊராட்சியின் எல்லைக்குள் இருந்தும் அதன் ஆளுகைக்கு வெளியே இருக்கின்றன.

அரிட்டாபட்டியில் இந்த இடைவெளி வெளிப்படையாயிற்று. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், சமணப் படுக்கைகளும், இலகுலீசர் சிற்பம் உள்ள குடைவரைச் சிவன் கோயிலும் கொண்ட இவ்வூர், மீனாட்சிபுரத்தோடு சேர்த்து ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பில், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏலத்தை ஒன்றிய அரசு ஒரு சுரங்க நிறுவனத்துக்கு முடிவு செய்தது. அம்மாதம் 23 அன்று கூடிய கிராம சபைகளில் ஊர்கள் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. சட்டமன்றம் டிசம்பர் 9 அன்று தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். நாட்டு அம்பலங்களின் அழைப்பும் கிராம சபையின் தீர்மானமும் ஒரே நோக்கத்துக்குப் பயன்பட்டது இப்பகுதியின் வரலாற்றில் அரிதான நிகழ்வு.

ஏலம் ரத்து செய்யப்படுவதாக 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. ஆனால் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்திருந்தது. தேர்தல் நடத்தப்படாமல் தனி அலுவலர்களிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டதால், ரத்து ஆணை வெளியான நாளில் அத்தீர்மானங்களை நிறைவேற்றிய ஊர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இல்லை.