நேரிலா ஒளியியல் அளவீட்டு முறைகளின் வரலாறு

சாதாரண ஒளி ஒரு பொருளின் ஊடே செல்லும்போது அவ்வொளியின் அதிர்வெண் மாறுவதில்லை. ஒளியின் செறிவைக் கூட்டினாலும் பொருளின் ஒளிவிலகல் எண் மாறுவதில்லை. செறிவு மிக்க லேசர் ஒளி சென்றால் இவ்விரண்டும் மாறக்கூடும். இதுவே நேரிலா ஒளியியல் பண்பு. இதை அளக்கும் முறைகள் எளிமையானதால்தான் தமிழகக் கல்லூரிகளும் இத்துறையில் நுழைய முடிந்தது.

அச்சில் மறைந்த புள்ளி

தியோடர் மைமன் 1960-இல் முதல் லேசரை இயக்கினார். மறு ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராங்கன் குழுவினர், 694.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியைக் குவார்ட்சு படிகத்தில் செலுத்தினர். அதில் மிகச் சிறு பகுதி, பாதி அலைநீளமுள்ள புற ஊதாக் கதிராக வெளிவந்து, ஒளிப்படத் தட்டில் மங்கிய புள்ளியாகப் பதிந்தது. ஆய்விதழில் வெளியான படத்திலோ அம்புக்குறி மட்டுமே இருந்தது. புள்ளியை அழுக்கு எனக் கருதி நீக்கிவிட்டனர் என்று சொல்வதுண்டு.

தூள் முறை

குறையற்ற பெரிய படிகத்தை வளர்த்து, வெட்டி, மெருகேற்றிய பின்னரே அளவிட முடியும் என்ற நிலையை 1968-இல் பெல் ஆய்வகத்தின் கர்ட்சு, பெர்ரி இருவரும் மாற்றினர். படிகத் தூளின் மேல் 1064 நானோமீட்டர் லேசர் துடிப்பைச் செலுத்தினால் 532 நானோமீட்டர் பச்சை ஒளி தோன்றும். அதன் அளவை, பண்பு தெரிந்த ஒரு பொருளின் தூளோடு ஒப்பிட வேண்டும்.

தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழகப் படிக வளர்ச்சி மையமும் பல கல்லூரிகளும் கரைசலை மெல்ல ஆவியாக்கிப் படிகங்களை வளர்த்தன. இதற்குக் கண்ணாடிக் குவளையும் பொறுமையும் போதும். விலையுயர்ந்த லேசர் இல்லாதவர்களில் பலர், தூளைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு அனுப்பிச் சோதித்தனர்.

இசட்-வருடல்

1989-இல் அமெரிக்காவின் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மன்சூர் ஷேக்-பஹாயி குழுவினர் இம்முறையை வெளியிட்டனர். வில்லையால் குவித்த ஒற்றைக் கற்றையில், குவியப் புள்ளிக்கு முன்னும் பின்னுமாக மாதிரியை நகர்த்துவர். ஒளிவிலகல் எண் மாறுவதால் மாதிரியே ஒரு வில்லைபோல் செயல்படும். சிறு துளை வழியே வரும் ஒளி முதலில் கூடிப் பின்னர் குறைந்தால் அம்மாற்றம் எதிர்க்குறி. முதலில் குறைந்து பின்னர் கூடினால் நேர்க்குறி.

கவனிக்க வேண்டியது

தூள் முறை தருவது ஒப்பீட்டு மதிப்பே. துகளின் அளவு மாறினால் அதுவும் மாறும். இசட்-வருடலில் தொடர் லேசரைப் பயன்படுத்தினால் மாதிரி சூடாகும்; அவ்வெப்பமும் ஒளிவிலகல் எண்ணை மாற்றி மதிப்பைப் பெருக்கிக் காட்டும். ஆகவே, எந்த லேசர், எவ்வளவு நேரத் துடிப்பு என்று பார்க்காமல் இரு ஆய்வுகளின் எண்களை ஒப்பிடக் கூடாது.